இடது காலுக்கு ஓய்வு: கரடுமுரடுப் பாதையில் கியர் வண்டி ஓட்டுவது

சாலையில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் கரடுமுரடுப் பாதையில் முதல் அரை நாள் கஷ்டமாக இருக்கும். பல வருடப் பழக்கம் காலில் ஊறிப்போயிருக்கும். வண்டி குலுங்கினால் கிளட்ச், வேகம் குறைந்தால் கிளட்ச், பள்ளம் தெரிந்தால் கிளட்ச். தார்ச் சாலையில் அது ஒன்றும் செய்யாது. கல், மணல், சேறு என்று வரும்போது அதே பழக்கம் வண்டியை உங்கள் பிடியிலிருந்து பறித்துவிடும். கிளட்சை மிதித்த நொடியே இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஏற்றத்தில் இழுவை போகும், இறக்கத்தில் பிடிப்பு போகும்.

என்னோடு வந்து பழகுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிளம்ப, நிறுத்த, கியர் மாற்ற, இந்த மூன்றுக்கு மட்டும் கிளட்சை இடது கால் தொடட்டும். மற்ற நேரமெல்லாம் அது பெடலை விட்டு விலகி, பக்கத்தில் தரையில் ஊன்றி இருக்கட்டும். பெடல் மேல் லேசாக வைத்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். வண்டி துள்ளும்போது கால் தானாக அழுத்தும், கிளட்ச் பாதி விலகும், பிளேட் வழுக்கித் தேயும். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைப்பதுதான்.

நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போகும் ஃபோர் வீல் டிரைவும், எல்லா கியரையும் இன்னும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டும் லோ ரேஞ்சும் உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லோ ரேஞ்ச் இல்லாத வண்டிக்கும் கொள்கை அதேதான், ஆனால் பாறைப் பக்கமும் செங்குத்தான சரிவுப் பக்கமும் போகாமல் இருப்பது நல்லது. ஏன் என்று பார்க்கலாம்.

லோ ரேஞ்ச் தரும் நிதானம்

ஒரு கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கும். உங்கள் வண்டியின் முதல் கியர் விகிதம் 4, ஆக்சில் விகிதம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 16. இன்ஜின் 16 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். லோ ரேஞ்ச் விகிதம் 2.5 என்றால் அந்த 16 இப்போது 40 ஆகிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது, இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, டயர் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் என்று கொண்டால், ஹை ரேஞ்சில் முதல் கியரில் வண்டி மணிக்கு கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் போகும். லோ ரேஞ்சில் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. சக்கரத்துக்குப் போகும் இழுவையோ இரண்டரை மடங்கு.

பாறை மேல் மணிக்கு 7 கிலோமீட்டர் என்பது முரட்டு வேகம். அதைக் குறைக்கத்தான் ஆட்கள் அரை கிளட்ச் பிடிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கருகல் நாற்றம் வருகிறது. லோ ரேஞ்ச் போட்டால் அந்தத் தேவையே எழாது, வண்டி தானாக ஊர்ந்து போகும். ஜீப் ராங்லர் ரூபிகானின் ஆறு கியர் மேனுவலில் இந்த மொத்த விகிதம் 84ஐத் தாண்டுகிறது. அவ்வளவு எல்லாருக்கும் வேண்டியதில்லை, 40 இருந்தாலே நிறைய இடங்களுக்குப் போகலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் மூன்று எண்களும் இருக்கும். பெருக்கிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும் என்று தெரிந்திருப்பது தைரியம் தரும்.

லோ ரேஞ்ச் போட, வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ரேஞ்ச் மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைத் தயங்காமல் இழுங்கள். பல்லில் விழாமல் அடம்பிடித்தால் வண்டியை ஓர் அடி உருளவிட்டு மறுபடி இழுங்கள். உருளும்போதே போடச் சொல்லும் வண்டிகளும் உண்டு, கையேடு சொல்வதே சரி. சிக்கலான இடத்துக்குள் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே நிறுத்தவும் முடியாது, உருளவும் முடியாது.

சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இல்லாத பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை, உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். தரை வழுக்காவிட்டால் அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டுகளில் முறுக்கமாகச் சேரும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் வெளியே வராமல் இறுகும். அப்படி இறுகினால் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

உட்காரும் விதம்

கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையை முன்னால் நகர்த்துங்கள். வண்டி சரிந்திருக்கும்போது பெடல் எட்டாமல் போவது நடக்கிற விஷயம். வலது காலின் பக்கவாட்டை நடுவிலுள்ள மேட்டிலோ ஓரத்திலோ ஒட்டி வைத்தால் குலுக்கலில் ஆக்சிலரேட்டர் மேலும் கீழும் ஆடாது. கட்டைவிரல்களை ஸ்டியரிங்கின் உள்பக்கம் சுற்றிப் பிடிக்க வேண்டாம். முன் டயர் கல்லில் மோதினால் வளையம் சுழன்று, குறுக்குக் கம்பி விரலை அடிக்கும். சேற்றில் இறங்கி ஏறினால் செருப்பு, ஷூவின் அடியைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். வழுக்கும் பாதத்தோடு கிளட்ச் விடுவது ஆபத்து.

முதலில் சமதளத்தில்

இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு யாரையும் நான் மேட்டில் ஏற்றுவதில்லை. காலியான மண் தரைக்குப் போங்கள். லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மெதுவாக முழுக்க விடுங்கள். வண்டி நகரத் தொடங்கியதும் இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்து வட்டமடியுங்கள். சின்னப் பள்ளத்தில் இறக்கி ஏற்றுங்கள். இன்ஜின் தாழ்ந்து முனகும், வண்டி நடுங்கும், ஆனாலும் போகும். டீசல் வண்டி இதைச் சுலபமாகச் செய்யும். இன்ஜினைக் கணினி கவனிக்கும் வண்டிகளில், சுற்று குறையும்போது அதுவே கொஞ்சம் எரிபொருள் கூட்டி இன்ஜினைக் காப்பாற்றும். சின்னப் பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும் வலது காலால் லேசாக உதவ வேண்டியிருக்கும்.

அந்த நடுக்கம் வரும்போது உங்கள் இடது கால் எழுந்து பெடலைத் தேடும். அதைத் தடுத்து உட்காருவதுதான் பயிற்சி. அப்படியே இன்ஜின் நின்றுபோனாலும் கவலையில்லை. கியரில் நின்ற இன்ஜின் வண்டியையும் பிடித்து நிறுத்தி வைக்கிறது.

அடுத்து, அதே ஊர்ந்து போகும் நிலையில் இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். கிளட்சுக்குப் பழகிய கால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும், ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் நயம் வந்துவிடும். இது எதற்கு என்று பாறைப் பகுதியில் தெரியும்.

கியரை முன்பே முடிவு செய்வது

தடையின் நடுவில் கியர் மாற்றுவது என்றால் அந்த ஒரு நொடி சக்கரங்களுக்கு உந்துதல் இல்லை. மணலிலும் சேற்றிலும் ஒரு நொடி போதும், வண்டி நின்றுவிடும். அதனால் எந்தத் தடையாக இருந்தாலும் இறங்கி நடந்து பாருங்கள். எங்கே ஏறப் போகிறீர்கள், எங்கே திரும்புவீர்கள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து ஒரு கியரைப் போடுங்கள். வெளியே வரும்வரை அதே கியர்.

பாறைக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் லோ முதல் கியர். ஏற்றத்துக்கும் சேற்றுக்கும் பெரும்பாலும் லோ இரண்டாவது. மணலுக்கு லோ இரண்டாவது அல்லது மூன்றாவது. ஏற்றத்துக்கு ஏன் முதல் கியர் கூடாது என்று கேட்பார்கள். உதிரி மண்ணில் முதல் கியரின் இழுவை தேவைக்கு மேல் இருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் டயர் சுழன்று பள்ளம் பறிக்கும். இரண்டாவது கியரில் அதே கால் அழுத்தத்துக்கு இழுவை மென்மையாக வரும், இன்ஜின் மேலே ஏறவும் இடம் இருக்கும். உறுதியான, படிக்கட்டு மாதிரி உள்ள ஏற்றமென்றால் முதல் கியர்தான்.

பாறை

கல்லை நடுவில் விட்டு இரு பக்கமும் சக்கரம் போக ஓட்டினால் ஆக்சிலில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் அடிபடும். டயர் கல்லின் மேல் ஏறட்டும். வண்டிக்கு அடியில் குனிந்து, டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இருக்கிறதா ஒரு பக்கமாக இருக்கிறதா என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் கல்லைத் தொடும்வரை ஐடிலிங்கில் போய், தொட்டதும் மிகக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். டயர் உச்சிக்கு வந்ததும் அப்படியே விட்டால் மறுபக்கம் தொப்பென்று விழும். இங்கேதான் இடது கால் பிரேக். வலது கால் கொடுத்ததைக் கொடுத்தபடி இருக்க, இடது கால் லேசாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி மெத்தென்று இறங்கும். லோ முதல் கியரின் பலத்தில் இன்ஜின் இந்த அளவு பிரேக்கைத் தாங்கும். கிளட்சைத் தொடவே வேண்டாம்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் இடத்தில் இந்த உத்தியைப் பெரிதாக நம்ப வேண்டாம். லாக் இல்லாத டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். தொங்கும் சக்கரம் சுற்ற எவ்வளவு குறைவான விசை போதுமோ, தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். பெடல் பிரேக் இரண்டு சக்கரத்தையும் பிடிப்பதால், மறுபக்கத்துக்குக் கூடும் இழுவையை அதே பிரேக் விழுங்கிவிடும். புதிய வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் தொங்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, இழுவையை மறுபக்கத்துக்கு அனுப்பும். அதற்கு ஓரிரு நொடி ஆகும், கடகடவென்று சத்தமும் வரும். சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஒரே அளவாக ஆக்சிலரேட்டரைப் பிடித்திருங்கள், அது வேலையை முடிக்கும்.

ஏற்றமும், ஏற்றத்தில் நின்றுபோவதும்

ஏற்றத்தை நேராக எதிர்கொள்ளுங்கள். சாய்வாக ஏறினால் கீழ்ப்பக்கத்து டயர்கள் மேல் பாரம் கூடி, ஒரு கல் போதும் வண்டி கவிழ. அடிவாரத்திலேயே லோ இரண்டாவது போட்டு, ஒரே சீராக ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன் ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டும். பானெட்டைத் தாண்டி எதுவும் தெரியாத அந்த இடத்தில் வேகம் இருக்கக்கூடாது.

ஏற முடியாமல் போவது சகஜம். அப்போது என்ன செய்வது என்பதை ஏறுவதற்கு முன்பே கை கால்களுக்குப் பழக்கியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பயிற்சி செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வண்டி முன்னேறவில்லை, டயர் சுழல்கிறது என்றால் உடனே விடுங்கள். இன்னும் மிதித்தால் வால் பக்கம் நழுவி வண்டி குறுக்கே திரும்பிவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், பிரேக்கையும் கிளட்சையும் ஒன்றாக மிதித்து, ரிவர்ஸ் போட்டு, சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, கிளட்சை முழுக்க விட்டபின் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். லோ ரிவர்ஸின் இன்ஜின் பிடிப்பிலேயே பின்னால் இறங்கி வரலாம்.

இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால் முதலில் நினைவில் வைக்க வேண்டியது, கிளட்சை மிதிக்காதீர்கள் என்பதுதான். கியரில் இருக்கும் இன்ஜின் வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை ஒரே மிதியாக அழுத்தி அப்படியே வைத்திருங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். சாவியை ஆஃப் செய்யுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். அவசரம் எதுவும் இல்லை, வண்டி எங்கேயும் போகாது.

இப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்சை மிதித்து லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிடுங்கள். கண்ணாடிகளில் பின்னால் பார்த்து, ஸ்டியரிங்கை நேராக்குங்கள். இன்ஜின் ஓடாததால் பல வண்டிகளில் அது கனமாகத் திரும்பும். ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் வண்டி கியரின் பிடிப்பில் நிற்கும். சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் வண்டியைப் பின்னால் ஒரு நகர்த்து நகர்த்தும், அதோடு இன்ஜினும் பிடித்துக்கொள்ளும். அரை கிளட்ச், வழுக்கல் எதுவும் இல்லாமல் நேராகக் கீழே வந்துவிடுவீர்கள். கிளட்சுக்குப் பதிலாக ஸ்டார்ட்டரை வேலை வாங்கும் முறை இது. வழக்கமாக்க வேண்டாம், தேவைக்கு மட்டும்.

கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று பூட்டு வைத்த வண்டிகளில் இது நடக்காது. டொயோட்டாவின் சில மேனுவல் வண்டிகளில் அந்தப் பூட்டை நீக்க டாஷ்போர்டில் தனி பொத்தான் உண்டு. அப்படி ஒன்று இல்லையென்றால், ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்த நிலையில் கிளட்ச் மிதித்து ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டு, கிளட்ச் பிடிக்கும் புள்ளிக்கு வந்தபின் ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கிளட்சை முழுக்க விட்டுக்கொண்டே கால் பிரேக்கைத் தளர்த்துங்கள். உங்கள் வண்டி எந்த வகை என்பதை இன்றே சமதளத்தில் சோதித்துவிடுங்கள். ஏற்றத்தின் நடுவில் அதைக் கண்டுபிடிக்கக்கூடாது.

ஏற்றத்தில் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதியை நம்பி இதையெல்லாம் தள்ளிவைக்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அது இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கலாம் என்ற எண்ணமும் வரவே கூடாது. சரிவில் குறுக்கே திரும்பும் வண்டி உருள்வதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

இறக்கம்

லோ முதல் கியர், கிளட்ச் முழுக்க விட்டபடி, வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு விலகி. வண்டி இன்ஜின் பிடிப்பில் தானாக இறங்கும். வேகம் கொஞ்சம் கூடினால் பிரேக்கை மெல்லத் தொடலாம். ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. பின்பக்கம் நழுவித் திரும்பப் பார்த்தால், மனம் ஒப்பாவிட்டாலும், ஒரு துளி ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சக்கரம் தரையின் வேகத்துக்கு வந்து மறுபடி பிடிக்கும், வண்டி நேராகும்.

இறக்கத்தில் கிளட்ச் மிதிப்பது வண்டியை உருட்டிவிடும் என்பது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளட்ச் மிதித்திருக்கும்போதும் கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதைச் சுற்றுவது சக்கரங்கள். மேலே போட்ட கணக்கில் பாருங்கள். லோ முதல் கியரில் கிளட்சை மிதித்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டி உருண்டுவிட்டால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 290 சுற்று. அதை 40 ஆல் பெருக்கினால் பிளேட்டின் வேகம் 11,000 சுற்றைத் தாண்டுகிறது. டீசல் இன்ஜினின் உச்ச வேகம் பொதுவாக 5,000 கூட இருக்காது. அந்த வேகத்தில் பிளேட்டின் உராய்வுப் பட்டை பிய்ந்து சிதறிவிடலாம். இன்ஜின் ஓடுவது ஐடிலிங்கில்தான் என்பதால் ஆர்பிஎம் மீட்டரிலும் எதுவும் தெரியாது.

மணல்

மணலில் முதல் வேலை டயர் காற்றைக் குறைப்பது. சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 18க்கு இறக்குங்கள், ரொம்ப இளகிய மணலென்றால் 15. டயர் அகலமாவதைவிட நீளவாக்கில் அதிகமாகப் படியும், அதனால்தான் புதையாமல் மிதக்கிறது. இன்னும் குறைத்துக்கொண்டே போனால் வேகமாகத் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். காற்றைத் திரும்ப நிரப்பும் பம்ப் கையில் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள்.

கிளம்ப லோ இரண்டாவது. முதல் கியரில் டயர் சுழன்று அந்த இடத்திலேயே குழி தோண்டிவிடும். கிளம்பியபின் மூன்றாவதுக்கு மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினைச் சாலையில் செய்வதைவிடச் சற்று அதிகம் ஏறவிட்டு, சட்டென்று மாற்றுங்கள். மணலின் இழுப்பு அவ்வளவு வலுவானது, சோம்பேறித்தனமாக மாற்றினால் மூன்றாவது கியர் விழும்போது வண்டிக்கு வேகமே மிச்சமிருக்காது. இறுகிய இடத்தில், இல்லையென்றால் சின்ன இறக்கத்தில் மாற்றுவது நல்லது. இளகிய பகுதி முன்னால் தெரிந்தால் அதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள்.

நிறுத்தும்போது பிரேக் வேண்டாம். டயருக்கு முன்னால் மணல் மேடாகக் குவிந்து, மறுபடி கிளம்பும்போது அதுவே தடையாகும். ஆக்சிலரேட்டரை விட்டாலே மணல் நிறுத்திவிடும், கடைசி நொடியில் கிளட்சை மிதித்தால் போதும். முகம் கீழே பார்க்கிற சரிவில் நிறுத்தினால் கிளம்புவது எளிது.

டயர் சுழன்று வண்டி தாழ ஆரம்பித்தால் உடனே விட்டுவிடுங்கள். ரிவர்ஸில் உங்கள் தடத்தின் மேலேயே சிறிது பின்னால் வந்து, தடத்தை இறுக்கிக்கொண்டு, மறுபடி முன்னால் போங்கள். அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டதென்றால் கிளட்ச் வித்தை எதுவும் உதவாது, மண்வெட்டிதான். இந்த இடத்தில் அரை கிளட்சில் உறுமவைத்து பிளேட்டைத் தீய்த்துவிட்டு, அதன்பிறகு மண்வெட்டியை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே எடுத்திருந்தால் வண்டி சொந்த பலத்தில் வீடு போயிருக்கும். இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டி வந்தால், சேசிஸோடு பொருத்திய மீட்புக் கொக்கியில் மட்டும் கயிற்றை மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் குமிழில் மாட்டினால் அது முறிந்து குண்டாகப் பறந்து உயிரையே பறிக்கும்.

சேறு

மணலுக்குச் சொன்னதே பெரும்பாலும். லோ இரண்டாவது, சீரான வேகம். முன்னேற்றம் குறையும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்தால் டயரின் பக்கவாட்டுப் பற்கள் புதிதாகப் பிடிக்க இடம் தேடும். ஆழமான தடத்தில் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனமாக இருங்கள். தடத்திலேயே போய், திடீரென்று பிடிப்பு கிடைத்ததும் வண்டி அந்தப் பக்கம் பாயும்.

தண்ணீர்

ஓட்டம் வேகமாக இருந்தால் இறங்கவே வேண்டாம். நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியும் போக வேண்டியதில்லை. நடந்து, அடியில் கல்லா சேறா, எவ்வளவு ஆழம் என்று பார்த்து, அது கையேட்டில் சொன்ன ஆழத்துக்குள் இருந்தால் மட்டும் போங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகென்றால் சிறிது நேரம் நிறுத்தி ஆக்சில் சூடு ஆறட்டும். சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

கரையிலேயே லோ முதல் அல்லது இரண்டாவது கியர் போட்டு, மறுகரை வரை கிளட்சைத் தொடாமல் போங்கள். தண்ணீருக்குள் கிளட்சை மிதித்தால் பிளேட்டுக்கும் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும் நடுவே தண்ணீரும் மண்ணும் புக வழி கிடைக்கும், பிறகு கிளட்ச் வழுக்கும். பழைய லேண்ட் ரோவர்களில் கிளட்சை மூடியிருக்கும் கூட்டின் அடியிலுள்ள ஓட்டையை அடைக்கவே ஒரு திருகு கொடுத்திருந்தார்கள். முன்னால் ஒரு சிற்றலை எழும் அளவுக்கு, நடப்பதைவிடச் சற்று வேகம் போதும்.

இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுபோனால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரோடு மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியை வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம்.

கருகல் நாற்றம் வந்தால்

கிளட்ச் பிளேட் சூடேறும் நாற்றம் ஒருமுறை முகர்ந்தால் மறக்காது, எரிந்த காகிதமும் ரப்பரும் கலந்தது போல இருக்கும். வந்ததும் சமமான இடத்தில் நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு இருபது நிமிடமாவது காத்திருங்கள். கிளட்சை மிதித்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஆறாது, பிளேட் நடுவில் சூட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும். மறுபடி கிளம்பும்போது பெடல் வழக்கத்தைவிட மேலே வந்து பிடிக்கிறதா, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஓட்டத்தை அங்கேயே முடித்து, எளிதான வழியில் திரும்புங்கள்.

நிறுத்தி இறங்கும்போது

சரிவில் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் இருந்தால் மெயின் கியர் எதில் இருந்தாலும் வண்டியைப் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். லோ ரேஞ்சிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், பிடிப்பும் கூடுதலாக இருக்கும்.

தார்ச் சாலைக்குத் திரும்பியதும் ஹை ரேஞ்சுக்கும் டூ வீலுக்கும் மாறி, டயரில் காற்றை நிரப்புங்கள். 18 பிஎஸ்ஐயில் சாலை வேகத்தில் போனால் டயரின் பக்கவாட்டு சூடேறிப் பிய்ந்துவிடும். வண்டிக்கு அடியில் குனிந்து, சைலன்சர் பக்கம் காய்ந்த புல் சிக்கியிருந்தால் எடுத்துப் போடுங்கள், தீப்பிடிக்கும். தண்ணீரில் இறங்கியிருந்தால் மெதுவாகப் போகும்போதே பிரேக்கை நாலைந்து தரம் லேசாக அழுத்தி உலர்த்துங்கள். அடுத்த நாள் டிஃபரன்ஷியல் திருகைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.